கிராணி வீட்டுக் காருக்குக் காற்று

"இன்னும் ஒரு வாளி ஊத்துங்க. அதுக்குத் தாகம் அடங்கல," என்றாள் கங்கா.

தங்கராஜு ஊற்றினார். கார் அதை வாங்கிக்கொண்டு, வாங்கிய வேகத்திலேயே ஆவியாக அவர் முகத்தில் துப்பியது.

தஞ்சோங் காராங் ஊருக்குச் சற்று முன்னால், நெல் வயலுக்குத் தண்ணீர் போகும் கால்வாய் ஓரமாக நின்றிருந்தார்கள். புக்கிட் கெலாம் ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாகக் கணக்கு எழுதும் தங்கராஜுவின் சலவை வேட்டி முழங்கால் வரை சேறாகியிருந்தது. போக வேண்டிய சபாக் இன்னும் வெகு தூரம். அங்கே கொப்பரை வியாபாரி ரெங்கசாமியின் வீட்டில் இந்நேரம் கேசரி ஆறிக்கொண்டிருக்கும்.

மகள் புஷ்பவள்ளிக்கு ரெங்கசாமியின் மகனைப் பேசியிருந்தார்கள். பையன் பள்ளிக்கூட வாத்தியார். அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துப் பிடித்துப் போய்விட்டது. இவர்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துத் தட்டு மாற்றிக்கொண்டால் காரியம் முடிந்தது. போவதுதான் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் காராங்கைத் தாண்டிப் போய் நின்ற கார், இந்த ஞாயிற்றுக்கிழமை தாண்டாமலே நின்றுவிட்டது.

"நான் சொன்னபடி பஸ்ஸுல போயிருந்தா இந்நேரம் சாப்பிட்டுக் கை கழுவியிருக்கலாம்."

"கார்ல வர்றோம்னு சொல்லிட்டு பஸ்ஸுல போய் இறங்குனா என்ன நெனைப்பாங்க? காரை வித்துத் தின்னுட்டோம்னு நெனைப்பாங்க."

"வித்தா யாரு வாங்குவா?" என்றாள் கங்கா. பிறகு, அப்படிச் சொன்னது காருக்குக் கேட்டிருக்குமோ என்று பயந்தவள் போல, அதன் முன்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆனாலும் ஒண்ணு சொல்றேங்க. காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்காரன் இந்த ரோட்டுல எத்தனை பேரைச் சுட்டிருக்கான். நம்ம மேல ஒரு துரும்பு படல. நீங்க இதை வாங்கின அன்னைக்கே முனியாண்டிக்கு முடிஞ்சு வெச்சேன்ல, அதான்."

ஊரடங்குக்குள் தோட்டம் போய்ச் சேர வேண்டும். தேங்காய் ஏற்றி வந்த லோரி ஒன்று இரக்கப்பட்டுக் காரைக் கயிறு கட்டி இழுத்துப் போனது. இரண்டு நாள் கழித்து அதே லோரிக்காரன் ரெங்கசாமியின் சொல்லையும் கொண்டுவந்து சேர்த்தான்.

"அடுத்த ஞாயிறும் வரலேன்னா, பெண் வீட்டுக்கு மனசில்லேன்னு எடுத்துக்கிறாராம். திராம் ஊரு கிளினிக்குல வேலை பாக்கிற இன்னொரு பொண்ணு இருக்காம்."

புஷ்பவள்ளி சமையலறைக்குள் போய்விட்டாள். அன்றைக்குக் குழம்பில் மட்டும் உப்பு இரண்டு மடங்கு இருந்தது.

தங்கராஜுவுக்கு வழி பிறந்தது அப்துல் மஜீதின் மளிகைக் கடையில். உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். எந்த டின்னையும் ஓட்டை போடாமல் விற்கக் கூடாது. காட்டுக்குள் இருப்பவர்கள் கைக்குப் போனால் கெட்டுப்போகட்டும் என்பது சட்டத்தின் எண்ணம். மஜீது பால் டின்னில் ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தார்.

தங்கராஜு டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார். பால் வரவில்லை.

"ஒரு ஓட்டையில எப்படி வரும் கிராணி? காத்து போக இன்னொரு ஓட்டை வேணும்லா," என்று மஜீது மறுபக்கமும் ஒரு தட்டுத் தட்டினார். பால் கயிறு போல இறங்கியது.

தங்கராஜு டின்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டையில் பால் ஒழுகுவதை மஜீதுதான் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

அன்று மாலையே காரைத் தோட்டத்துப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

"போனட்டுல ஓட்டை போடணும் சோமு. உள்ளே இருக்கிற சூடு வெளியே போகணும்."

கொல்லன் சோமு காரைச் சுற்றி வந்தான். "எத்தனை ஓட்டைங்கய்யா?"

"காத்துக்குப் போதுமான அளவு."

"அதை நான் யாருகிட்டக் கேக்கறது?"

கூரைத் தகரத்துக்கு ஓட்டை போடும் உளி ஒன்றுதான் சோமுவிடம் இருந்தது. அதை வெளியிலிருந்து வைத்து அடித்தான். தகடு உள்பக்கமாகப் பிய்ந்துகொண்டு போயிற்று. ஓட்டையைச் சுற்றிக் கறுப்புப் பெயிண்ட் உதிர்ந்தது. வரிசையாகத்தான் தொடங்கினான். நடுவில் பேச்சு வாக்கில் வரிசை கலைந்துவிட்டது. வேலை முடிந்தபோது, ரப்பர் காட்டுக்குள்ளிருந்து யாரோ இயந்திரத் துப்பாக்கியால் ஆசை தீரச் சுட்டது போல இருந்தது போனட்.

கங்கா வாசலில் அதைக் கண்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள்.

"ஐயோ! எங்கே சுட்டான்?"

"யாரும் சுடல. சோமு போட்டது."

"சோமுவா சுட்டான்?"

அவர் விளக்கி முடிப்பதற்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் காலை போலீஸ் வந்து சோமுவின் பட்டறையைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போனது.

"உங்க காருக்குக் காத்து வரணும்னு நான் கம்பி எண்ணணுமாய்யா?" என்று சோமு சண்டைக்கு வந்தான்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கும் செய்தி எட்டியது. அவர் நேரில் வந்து ஓட்டைகளைப் பார்த்தார். இது வெறும் காற்றோட்டம் என்று தங்கராஜு தனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். துரை அவர் தோளைத் தட்டி, உண்மையான வீரன் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கங்காவுக்கு யார் சொல்லியும் மனம் ஆறவில்லை. மாரியம்மன் கோவிலுக்குப் போய்த் தேங்காயை மஞ்சள் துணியில் முடிந்து வாங்கி வந்தாள்.

"அதை எங்கே வெச்சே?" என்றார் தங்கராஜு.

"சாமி இருக்கிற இடத்தையெல்லாம் கேக்காதீங்க. காவலுக்கு எங்கே நிக்கணுமோ அங்கே நிக்குது."

வெள்ளோட்டம் பார்த்தார். கார் பழைய தூரம்கூடப் போகாமல் கொதித்தது.

"ஓட்டை பத்தல," என்று தங்கராஜு முடிவுக்கு வந்தார்.

சோமு முதலில் மறுத்தான். புஷ்பவள்ளியின் கல்யாணத்துக்காக என்றதும் உளியை எடுத்தான். இந்த முறை நீளநீளமாக வெட்டி, மீன் செவுளைப் போல் தகட்டைத் தூக்கிவிட்டான். மழை வந்தது. செவுள் வழியாகத் தண்ணீர் இறங்கி எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. மழைக்கு மறைப்பாக இருக்கட்டும் என்று ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்திலிருந்து ஒரு ஷீட்டை வாங்கிப் போனட்டின் மேல் விரித்துக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். சூட்டில் ரப்பர் உருகி, பாதி செவுளை அடைத்துக்கொண்டது. மீதி நாற்றமாகப் பரவி, மூன்றாவது லயம் வரைக்கும் யாரையும் சாப்பிட விடவில்லை.

"அப்பா, இது காரா, இடியாப்ப உரலா?" என்றாள் புஷ்பவள்ளி. லோரிக்காரன் வந்துபோன பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள்.

ஒவ்வொரு வெட்டுக்கும் கங்காவின் பயம் ஒரு படி ஏறியது. மஜீதின் மனைவி மெகராஜ் பேகம், தர்காவில் ஓதி வாங்கிய பச்சைத் துணி முடிச்சு ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். பக்கத்துத் தோட்டத்துக் காளிக்கு ஒன்று, சங்கிலிக் கறுப்பனுக்கு ஒன்று என்று கங்கா நடையாய் நடந்தாள். சனிக்கிழமை கார் தோட்டத்து வாசலைத் தாண்டாமலே பெருமூச்சு விட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கிளம்பினார்கள். பின் ஸீட்டில் தாம்பாளம், பழம், பூ; காலடியில் இடமில்லாதபடி தண்ணீர் டின்கள். போக வேண்டியது நின்று நின்றாவது போய்விடுவது என்பதுதான் தங்கராஜுவின் திட்டம். இரண்டு டின் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஆவி கக்கியபடியே கார் சாலைத் தடுப்புக்கு வந்து சேர்ந்தது.

காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நஜ்முதீன் போனட்டைப் பார்த்ததும் விசிலை ஊதினான்.

"கிராணி, எங்கே அடிபட்டீங்க? எத்தனை பேரு?"

"யாரும் சுடலப்பா! இது காத்துக்கு!"

வெள்ளைக்கார அதிகாரி ஓடி வந்து ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டார். சூடு தாங்காமல் உதறிக்கொண்டு, தங்கராஜுவைக் கூடாரத்துக்குள் கூட்டிப்போனார். சுடப்பட்டும் புகார் கொடுக்காததற்கு என்ன காரணம் என்பதே அவருடைய கேள்வி. சுடப்படவே இல்லை என்பதைத் தங்கராஜு பால் டின்னிலிருந்து தொடங்கி விளக்கினார். கங்காவைப் பெண்கள் சோதனைக்காக ஓலைத் தட்டிக்குப் பின்னால் அழைத்துப் போனார்கள். வெளியே நஜ்முதீன், அரிசி கிரிசி கடத்துகிறார்களா என்று காரின் அடியிலும் முன்னாலும் குனிந்து துழாவிக்கொண்டிருந்தான்.

பால் டின்னில் இரண்டாவது ஓட்டை போடும் இடத்துக்குத் தங்கராஜு வந்தபோது, ராணுவ லோரிகள் வரிசையாக வந்து நின்று ஹாரன் அடித்தன. அதிகாரி பொறுமை இழந்தார். "போ, போ! வழியை விடு!"

கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கமாக ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். நஜ்முதீன் பின்னாலிருந்து எதையோ சொல்லிக் கைகாட்டினான். லோரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் நடந்ததைத் தங்கராஜுவால் நம்ப முடியவில்லை. தஞ்சோங் காராங் போயிற்று. கால்வாய் கூடவே வந்தது. அதில் ஒரு வாளி முகக்க வேண்டியிருக்கவில்லை. சிகிஞ்சான் போயிற்று. கார், வாங்கின நாள் முதல் ஓடாத ஓட்டம் ஓடியது.

"பாத்தியா? காத்து! ஓட்டை வழியா எப்படிப் போகுது பாரு!"

"சாமிங்க," என்றாள் கங்கா, முன்கண்ணாடிக்கு நேராகக் கும்பிட்டு. "எல்லாச் சாமியும் சேர்ந்து இழுத்துக்கிட்டுப் போகுது."

சபாக்கில் ரெங்கசாமி வாசலுக்கு வந்து வரவேற்றார். போனட்டைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"கிராணியாரே, உங்க பக்கம் இவ்வளவு மோசமா? என் பையன் வாத்தியார், பொண்ணு எடுத்தா மாமியார் வீட்டுக்கு வந்து போகணும். இது சரிப்படுமா..."

கேசரித் தட்டோடு வந்த அவர் மனைவியும் அப்படியே நின்றாள். திராம் கிளினிக் பெண் தங்கராஜுவின் கண்முன் வந்து போனாள்.

"சம்பந்தி, இங்க வாங்க. கையைக் கொடுங்க." அவர் ரெங்கசாமியின் கையைப் பிடித்துப் போனட்டின் மேல் வைத்தார். "இத்தனை மைல் ஓடி வந்த எஞ்சின். எப்படி இருக்கு?"

ரெங்கசாமி தயங்கித் தயங்கித் தடவினார். பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்தார்.

"அட! என் வண்டி கடைத்தெரு போய்ட்டு வந்தாலே இதைவிடச் சுடுதே!"

"எல்லாம் காத்தோட்டம். நானே யோசிச்சுப் போட்டது."

தட்டு மாற்றிக்கொண்டார்கள். தேதியும் குறித்தார்கள். சாப்பாட்டின்போது ரெங்கசாமி கல்யாணத்தைப் பற்றிப் பேசியதைவிட ஓட்டையைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அவருடைய கார் போன மாதம்தான் வாங்கியது. பச்சை நிறம், முகம் பார்க்கலாம். தன் கொப்பரைக் கொட்டகைக்கு ஆளனுப்பி அங்கிருந்த கொல்லனை வரவழைத்துவிட்டார்.

"அப்பா, நம்ம வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்றான் மாப்பிள்ளை.

"சும்மா இருடா. சம்பந்தி மூளைக்காரர். ஆமா, எத்தனை ஓட்டைங்க?"

"காத்துக்குப் போதுமான அளவு," என்றார் தங்கராஜு.

புறப்படும்போது பின்னால் உளிச் சத்தம் தொடங்கிவிட்டது. தங்கராஜு அதைச் சங்கீதம் போலக் கேட்டுக்கொண்டே காரைத் திருப்பினார். வழி நெடுக, புஷ்பவள்ளியிடம் முதலில் எதைச் சொல்வது என்று இருவரும் சண்டை போட்டார்கள். காற்றா, சாமியா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை.

ஊரடங்குக்கு வெகு முன்னாலேயே சாலைத் தடுப்புக்கு வந்துவிட்டார்கள். நஜ்முதீன் கையைக் காட்டிக் காரை நிறுத்தினான். சிரித்துக்கொண்டே கூடாரத்துக்குள் போய், ஒரு கோணிச் சாக்கைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். சாக்கின் வாய் வழியாகச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் துணி முடிச்சுகள் எட்டிப் பார்த்தன. கங்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலையில கத்திக் கத்திச் சொன்னேன், நீங்க காதுல வாங்கல. ரேடியேட்டருக்கு முன்னால ஒரு பொட்டுக் காத்து நுழையாதபடி இத்தனையையும் அடைச்சு வெச்சிருந்தீங்களே கிராணி, நான் உருவி எடுத்ததுக்கு அப்புறமும் வண்டி கொதிச்சுச்சா?"