புகார் எண் 4417: என்னைப் பாராட்டியது

அன்பும் மரியாதையும் மிக்க அக்காவுக்கு,

உன் கூடப் பிறந்தவனும், நீ எழுதிய கடிதத்தின்படி திமிர் தலைக்கேறியவனுமான தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி, உன் மருமகளாகிய என் மகள் மூவரும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்தையும் அத்தானின் முழங்காலின் சௌக்கியத்தையும் அறிய ஆவல். படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கச் சொல். நலம் விசாரித்தாகிவிட்டது. இனி சண்டைக்கு வருகிறேன்.

"நல்ல வார்த்தை சொன்ன ஒரு பொம்பளை மேலே விசாரணை வச்சியாமே, நீயெல்லாம் மனுஷனா? உடனே போய் மன்னிப்புக் கேள்" என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் மருமகள் போனில் ஒன்றுக்கு இரண்டாக ஊதிவிட்டாள் என்று தெரிகிறது. நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன், படித்துவிட்டு நீயே தீர்ப்புச் சொல். ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை நீ ஆவலோடு தேட வேண்டாம்.

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் எனக்கு இது இருபத்தேழாவது வருஷம். என்னிடம் ஒரு போன், ஒரு பதிவேடு, ஒரு நாற்காலி இருக்கின்றன. பதிவேட்டில் ஆறு கட்டங்கள்: எண், தேதி, புகார் கொடுத்தவர், யார் மீது, என்ன புகார், என்ன நடவடிக்கை. தண்ணீர் வரும்போது யாரும் எனக்குப் போன் செய்வதில்லை. வராதபோது செய்வார்கள், என் பரம்பரையையே விசாரிப்பார்கள். எனக்குப் பழகிவிட்டது. திட்டு வாங்குவதில் ஒரு நிம்மதி இருக்கிறது அக்கா, எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று குழப்பமே வராது. இன்னொன்று, எண் போடாத காகிதம் என் மேஜையில் ஒரு ராத்திரிகூடத் தங்கியது கிடையாது. அந்த விஷயத்தில் நான் கறார்.

இப்படியிருக்கும்போது ஒரு திங்கட்கிழமை கவர் ஒன்று வந்தது. பிரித்தால் இரண்டு பக்கமும் நன்றி! எழுதியவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர், ஒன்பது வீடுள்ள ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவருடைய சமையலறையில் குழாய் வெடித்து, தண்ணீர் கூடம் வரை வந்துவிட, எங்களுக்குப் போன் செய்திருக்கிறார். போனை எடுத்தவன் நான். ஆளை அனுப்பினால் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். அதனால், "சிங்க்குக்கு அடியில உட்காருங்கம்மா, சுவத்தை ஒட்டிக் கையை விடுங்க, சில்லுன்னு இரும்பு தட்டுப்படும், அதுதான் வால்வு" என்று சொல்லிக்கொடுத்தேன். கைப்பிடி உடைந்திருக்கிறது என்றார். பாத்திரம் இறக்குகிற இடுக்கியால் பிடித்துத் திருப்பச் சொன்னேன். நடுவில் கொஞ்சம் அழுதார். அழுது முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு அவரே ஒன்னு, ரெண்டு, மூணு என்று டிரில் மாதிரி எண்ணிக்கொண்டு திருப்பினார், தண்ணீர் நின்றது. அவ்வளவுதான் விஷயம். "நாற்பது நிமிஷம் அவர் போனை வைக்கவே இல்லை, அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தார்.

படித்ததும் எனக்குக் காது சுட்டது. உனக்குத் தெரியாததா? "சட்டை நல்லா இருக்கே" என்று யாராவது சொன்னால் கையைத் தூக்கி அக்குளில் கிழிந்திருப்பதைக் காட்டுகிறவன் நான். கல்யாணமான புதிதில் நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு என் வீட்டுக்காரி "நல்லா இருக்கு" என்றாள். "பால் நல்ல பால்" என்றேன். மறுநாளும் நல்லா இருக்கு என்றாள். "அடுப்பு புது அடுப்பு" என்றேன். மூன்றாம் நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லவில்லை. என்ன குடி முழுகிப் போயிற்று? தினமும் டீ குடிக்கிறோம். நான் வகுப்பில் முதலாவதாக வந்த அன்று அப்பா என்ன கேட்டார், ஞாபகமிருக்கிறதா? "ஏன், மத்த பசங்க யாரும் பரீட்சை எழுதலையா?" அந்த வீட்டில் வளர்ந்தவனிடம் இரண்டு பக்கம் நன்றியைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்?

பதிவு செய்தேன். அதுதான் நான் செய்த குற்றம். சாயங்காலத்துக்குள் எண் போட வேண்டும், பாராட்டுக்கு என்று கட்டம் கிடையாது, இருக்கிற கட்டத்தில்தானே எழுத முடியும்? எண் 4417. புகார் கொடுத்தவர்: டீச்சர். யார் மீது: நான். என்ன புகார்: ஊழியர் நாற்பது நிமிடம் போனை வைக்கவில்லை. இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா, சொல்.

எங்கள் மேலாளருக்குச் சுற்றறிக்கை என்று பெயர். யாராவது தும்மினால்கூட "தும்முவது தொடர்பாக" என்று எல்லா மேஜைக்கும் ஒரு தாள் அனுப்புவார். அவர் கட்டங்களை மட்டும்தான் படிப்பார், கடிதங்களைப் படிக்க மாட்டார். ஊழியர் மீதே புகார் என்றதும், ஒரே அழைப்பில் நாற்பது நிமிடம் செலவழித்ததற்கு ஏழு நாளில் விளக்கம் தரும்படி எனக்குத் தாள் வந்தது. நானும் அடக்கமாக எழுதினேன்: "நான் ஒன்றும் செய்யவில்லை. வால்வை மூடியது அந்த அம்மையார். வால்வு நல்ல வால்வு, தொட்டாலே மூடிக்கொள்ளும்." புகாரும் விளக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று நேரில் விசாரிக்க ஆள் போயிற்று. போனவர் எங்கள் கள ஆய்வாளர், உச்சி வெயிலிலும் கையில் டார்ச்சோடு அலைவதால் டார்ச் என்றே கூப்பிடுவோம். அவர் டீச்சர் வீட்டுக்குள் நுழைந்ததுமே, "அவர் பொறுமையா பேசினார்னு எழுதியிருக்கீங்களே, எத்தனை நிமிஷம் பொறுமை? கூட யாராவது கேட்டாங்களா?" என்று ஆரம்பித்திருக்கிறார். டீச்சர் பதறிப்போய், "ஏம்ப்பா, நன்றி சொன்னது தப்பா?" என்று கேட்டிருக்கிறார். டார்ச் சிங்க்குக்கு அடியில் தலையை விட்டு வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை எழுதினார்: "வால்வு நல்ல வால்வு அல்ல. பல வருஷத் துரு. கைப்பிடி இல்லை. போனில் சொன்னவர் சரியாகச் சொல்லியிராவிட்டால் இதை யாராலும் மூடியிருக்க முடியாது."

பார்த்தாயா அக்கா, வினையை? இருபத்தேழு வருஷத்தில் என் மேல் ஒரு சொட்டு மை பட்டது கிடையாது. இப்போது அடக்கமாக இருக்கப் போய் அலுவலகத்துக்குப் பொய் விளக்கம் கொடுத்தவன் ஆகிவிட்டேன். அதோடு விட்டார்களா? இறுதிப் படிவம் என்று ஒன்று வந்தது. ஒன்று, புகாரில் இருப்பதெல்லாம் உண்மை என்று நான் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் உண்மையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அப்போது டீச்சர் பெயருக்கு எதிரே "பொய்ப் புகார் கொடுத்தவர்" என்று ஏறிவிடும், அவர் வீட்டில் வெள்ளமே வந்தாலும் எங்கள் ஆள் கடைசியாகத்தான் போவான். கெடு நாளை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

இதைக் கேள்விப்பட்டு, போன வாரம் டீச்சரே நேரில் வந்துவிட்டார். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். ஓய்வு பெற்றும் அதைக் கழற்றவில்லை. பிரிவு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க என் மேஜைக்கு எதிரே நின்றார்.

"சார், நான் எழுதினது பொய்யா?"

"இல்லம்மா. என் கடமையைத்தான் செஞ்சேன். அதுக்குப் போய்..."

"கடமைக்கு நாலு நிமிஷம் போதும். மிச்சம் முப்பத்தாறு நிமிஷம் யாரு செஞ்சது?"

நான் போனைப் பார்த்தேன். பாழாய்ப்போனது, அந்த நேரம் பார்த்து அடிக்கவில்லை.

"அந்த வாரம் ஞாயித்துக்கிழமை எம்மகன் வண்டி எடுத்துட்டு வரதா இருந்தான் சார். வீட்டைக் காலி பண்ணிட்டு அவன்கூடப் போறதுன்னு பெட்டியெல்லாம் கட்டியாச்சு. ஒரு குழாயைக்கூட மூடத் தெரியல, இனிமே நம்மால தனியா முடியாதுன்னுதான் அழுதேன். மூடினதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

எனக்கு இல்லை.

"'டீச்சர், இனிமே உங்க பில்டிங்ல யாருக்குக் குழாய் உடைஞ்சாலும் எனக்குப் போன் பண்ண வேணாம், உங்களைக் கூப்பிடச் சொல்லுங்க'ன்னீங்க. சாயங்காலமே பெட்டியைப் பிரிச்சிட்டேன். இப்ப ஒன்பது வீட்டுக்கும் நான்தான் போறேன். ஸ்பேனர் வாங்கியிருக்கேன்."

நான் வேலைப்பளு குறையட்டும் என்று விளையாட்டாகச் சொன்னது அக்கா அது! அவர் பேசப் பேசப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்தக் கட்டடத்திலிருந்து இரண்டு மாதமாக ஒரு புகார்கூட இல்லை. குழாய் நல்ல குழாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க வாங்கிக்க மாட்டேன்னா நான் பொய் சொன்னேன்னு ஆகுது சார். உங்களுக்குக் கூச்சமா இருக்குங்கிறதுக்காக நான் பொய்க்காரி ஆகணுமா?" என்றார். அப்புறம், "சரி, உங்களுக்கு அவ்வளவு கஷ்டம்னா வாபஸ் வாங்கிக்கறேன், பேனா குடுங்க" என்றார். நான் பேனாவும் கொடுத்து, வாபஸ் படிவத்தையும் எடுத்து, அவர் பெயர், விலாசம் எல்லாம் நானே நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளியும் வைத்துக் கொடுத்தேன். கேட்டவருக்குப் படிவம் கொடுப்பதுதானே என் வேலை? அவர் அந்தப் புள்ளியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டில் இதைச் சொன்னால் உன் மருமகள், "யாராவது ஆசையா ஒண்ணு குடுத்தா, திருப்பி அவங்க கையிலயே திணிச்சுட்டு வர்றீங்களேப்பா" என்று என்னோடு மூன்று நாள் பேசவில்லை. பேசாத நேரத்தில் உன்னோடு போனில் பேசியிருக்கிறாள்.

இதுதான் நடந்தது. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட மாட்டேன் அக்கா. இன்று நல்லா இருக்கு என்பதை வாங்கிக்கொண்டால் நாளை அதை எதிர்பார்ப்பேன். போனை எடுக்கும்போதே குரல் குழையும். நன்றி சொல்லாமல் போனை வைக்கிறவர்கள் மேல் கோபம் வரும். திட்டு வாங்க உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்தக் கெட்ட பழக்கம் எதற்கு? அந்த அம்மா பெட்டியைப் பிரித்தாரென்றால் அது அவர் தைரியம், அவர் கை, அவர் இடுக்கி. போன் கம்பி நல்ல கம்பி, நாற்பது நிமிஷம் அறுந்துபோகாமல் இருந்தது. வேண்டுமானால் அதைப் பாராட்டட்டும். யார் சொன்னாலும் என் கொள்கை மாறாது. நீ இன்னும் நான்கு பக்கம் எழுதினால் அதற்கும் எண் போட்டு வைப்பேன்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். உன் பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள், எல்லாரும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கொஞ்சமும் வருத்தப்படாத உன் தம்பி

பின்குறிப்பு: நேற்று எழுதியது, தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன். இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம். மேலே உள்ளதைக் கிழிக்க மனசில்லை, நல்ல கையெழுத்தாக விழுந்திருக்கிறது. ஆனால் ஒன்றையும் நம்பாதே.

நாலே முக்காலுக்குப் பதிவேட்டைத் திறந்தேன். டீச்சர் பெயருக்கு எதிரே "பொய்" என்று என் கையால் எழுத வேண்டும். கை போகவில்லை. "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவருக்குப் போன் செய்தேன். "டீச்சர், மன்னிச்சிருங்க. 4417 ஏத்துக்கிட்டேன்" என்றேன்.

"எண்ணெல்லாம் எனக்குத் தெரியாது. வாயால சொல்லுங்க."

"நன்றி டீச்சர்."

"கேக்கல. சத்தமா!"

கத்தினேன். பிரிவு முழுக்க எழுந்து நின்றுவிட்டது. "அலுவலகத்தில் நன்றி கூவுவது தொடர்பாக" ஒரு தாள் வந்துகொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து டீ போட்டேன். என் வீட்டுக்காரி ஒரு வாய் குடித்துவிட்டு, என்ன நினைத்தாளோ, "நல்லா இருக்கு" என்றாள். எனக்கு "பா" வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். "சந்தோஷம்" என்றேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு விஷயம். நான் முதலாவதாக வந்த அன்று, அப்பா அப்படிக் கேட்டதற்கப்புறம், நீ என் பையில் ஒரு சீட்டு வைத்தாய். "நீ கெட்டிக்காரன்டா" என்று எழுதியிருந்தாய். நான் அதன் பின்பக்கம் "கணக்கில் எழுபத்தெட்டுதான்" என்று எழுதி உன்னிடமே திருப்பிக் கொடுத்தேன். நீ எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. அது இன்னும் உன்னிடம் இருந்தால் அனுப்பி வை அக்கா. இந்தத் தடவை வைத்துக்கொள்கிறேன்.