எந்த ஸ்கூல், பாய்?

இந்தியாவிலேயே அதிகம் பேரை ஃபெயிலாக்கியவர் யார் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: கிரேடு பாய். இத்தனைக்கும் அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாத்தியாராக இருந்ததில்லை. சிவகாசியில் நான் வேலை பார்க்கிற ஆஃப்செட் பிரஸ்ஸில் ஆர்டர் எடுக்கிற மேனேஜர், அவ்வளவுதான். ஆனால் அவர் ரசத்தை ஃபெயிலாக்கியிருக்கிறார். சாத்தூர் போகிற மினி பஸ்ஸை ஃபெயிலாக்கியிருக்கிறார். ஒரு வருஷம் ஐப்பசி மழைக்கே 'டீ' கிரேடு போட்டு, "அடுத்த வருசம் திருப்பி எழுதட்டும்" என்று விட்டுவிட்டார்.

அவருக்கு இந்த வியாதி பிரஸ்ஸில்தான் ஒட்டியது. பட்டாசு லேபிளும் காலண்டரும் எல்லோரையும் போல நாங்களும் அடித்தோம். ஆனால் கோடை வந்துவிட்டால் எங்களுக்கு ரிப்போர்ட் கார்டு சீசன். வடக்கே பனி பெய்கிற ஊரிலிருந்து தெற்கே கடல் முடிகிற ஊர்வரை, எங்கெங்கோ இருக்கிற பள்ளிக்கூடங்களின் கார்டுகள் எங்கள் மெஷினில்தான் பிறந்தன. ஒவ்வொரு கார்டின் முதுகிலும் ஒரு கட்டம் இருக்கும். எத்தனை மார்க்குக்கு எந்த எழுத்து என்று சொல்கிற கட்டம். அந்தக் கட்டம் எந்த இரண்டு பள்ளிக்கும் ஒத்துப்போனதில்லை.

ஒரு பள்ளியில் தொண்ணூறு எடுத்தால்தான் ஏ. பக்கத்துப் பள்ளியில் எழுபத்தைந்துக்கே ஏ. தொண்ணூறுக்கு அதன் தோளில் ஒரு பிளஸ் ஏறிக்கொள்ளும். இன்னொன்றில் ஏ ஒன்று, ஏ இரண்டு, பி ஒன்று, பி இரண்டு என்று டவுன் பஸ் நம்பர் மாதிரி நீளும். வேறொன்றில் உச்சியில் இருப்பது ஓ. அவுட்ஸ்டாண்டிங் என்று அர்த்தம். அதை முட்டை என்று நினைத்து எத்தனை அப்பாக்கள் பெல்ட்டைக் கழற்றினார்களோ, தெரியாது. இந்தக் கட்டங்களை வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து, பாய்க்கு உலகமே ரிப்போர்ட் கார்டாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

நான் ஏழாயிரம்பண்ணைக்காரன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள். எங்கள் தெருவில் இருந்தது இரண்டே கிரேடுதான்: ஒன்று பாஸ், இன்னொன்று ஆபீஸ். எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். "பையன் ஆபீஸுக்குப் போறான்" என்றால் வெளியூர்க்காரர்கள் கைகொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட தெருவிலிருந்து டிகிரி முடித்து, புரூஃப் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தவன் எப்படி இருப்பான்? அச்சில் ஒரு புள்ளி விழுந்தாலும் நாடு கெட்டுவிடும் என்று நம்பினேன்.

முதல் வாரமே ஒரு கார்டில் ஏ, பி, சி, டீ, எஃப் என்று இருந்தது. நடுவில் ஈ இல்லை. ஆஹா, பிடித்துவிட்டோம் என்று சிவப்பு மையால் ஈ-யைச் சேர்த்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பாயின் குரல் மெஷின் சத்தத்தைத் தாண்டி வந்தது.

"ஏலே, இங்கன வா. டீக்குப் பக்கத்துல ஈய விட்டது யாரு?"

நான் ஓடிப்போய் அவருடைய டம்ளரை எட்டிப் பார்த்தேன்.

"டம்ளர்ல இல்லலே, கட்டத்துல!"

"ஈ விட்டுப்போயிருந்துச்சு பாய். அதான்..."

"அந்த ஸ்கூல்ல ஈ கெடையாது. டீயிலருந்து நேரா எஃப்புக்குத் தாவிருவாங்க. எஃப்புன்னா ஃபெயிலு. நடுவுல நீ ஒரு ஈய விட்டா அது எங்கன போய் ஒக்காரும்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே கட்டம் வச்சா என்ன பாய்?"

"வச்சா நம்ம பொளப்பு என்னலே ஆகும்?"

பாய் வெறும் எழுத்தைச் சொல்லுவார். எந்தப் பள்ளியின் கட்டப்படி என்று சொல்லமாட்டார். அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். அச்சங்குளத்திலிருந்து லேபிள் ஆர்டர் கொடுக்க வந்த பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர், புதிதாகச் செய்த புஸ்வாணத்தைப் பெருமையோடு ரோட்டில் வைத்துக் கொளுத்திக் காட்டினார். மின்கம்பி உயரத்துக்குப் பூத்தது. பாய் ஒரே வார்த்தையில் சொன்னார்: "பி."

முதலாளியின் முகம் நமத்துப்போன சரம் மாதிரி ஆகிவிட்டது. "என்ன பாய், இம்புட்டு செலவு பண்ணிருக்கேன்..."

"எந்த ஸ்கூலுன்னு கேக்க மாட்டீகளா மொதலாளி? மலை மேல ஒரு ஸ்கூல் இருக்கு. அங்க ஏ-ங்கிறது கட்டத்துல மட்டுந்தான் இருக்கும், யாருக்கும் குடுக்க மாட்டாங்க. பொஸ்தகம் எழுதுனவனே வந்து பரிச்ச எழுதுனாலும் பி-தான்!"

முதலாளி குளிர்ந்துபோய் லேபிள் ஆர்டரை இரட்டிப்பாக்கிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் பிரஸ்ஸில் பாய் வாயைத் திறந்தால் கோரஸாக ஒரு கேள்வி கிளம்பும்: "எந்த ஸ்கூல், பாய்?"

எல்லாப் பள்ளியும் ஒத்துப்போகிற எழுத்து ஒன்றே ஒன்று உண்டு. ஏபி. ஆப்சென்ட். பரீட்சைக்கே வராதவனுக்குப் போடுவது. வடக்கோ தெற்கோ, அதற்கு ஒரே அர்த்தம்தான். பாய் இதையும் சும்மா விடவில்லை. மின்வெட்டு வந்தால் "கரண்டு ஏபி" என்பார். ஒரு கல்யாணப் பந்தியில் இலையைக் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வாளியோடு நின்ற வீட்டுக்காரரிடமே சொன்னார்: "பிரியாணி ஏ. கறி ஏபி."

பாய்க்கு ஒரே மகள், ஜரினா. மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது; வீட்டில் அப்பாவும் மகளும்தான். தினமும் டிபன் கேரியரும் ஒரு பிளாஸ்க் டீயும் ஜரினா கொடுத்தனுப்புவாள். மதியம் மூடியைத் திறந்ததும் பாய் ரிசல்ட் சொல்வார்: "பி." மீன்குழம்பானாலும் பி, வெறும் பருப்பானாலும் பி. டீயும் பி. மேலேயும் போகாது, கீழேயும் வராது.

ஜரினாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளின் கதி என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கொட்டாவி விட்டவருக்கு சி. நகையை மட்டுமே பேசியவருக்கு எஃப். ஒருவர் வரும்போதே செல்போனில் பேசிக்கொண்டு வந்து, போகும்போதும் பேசிக்கொண்டே போனார், அவருக்கு ஏபி. ஜரினாவே ஒருநாள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்: "அத்தா, ஒங்க கட்டத்துல ஒருத்தனும் பாசாக மாட்டான். நான் காலம்பூரா இங்கனயே பி வாங்கிட்டு இருந்துக்கிறேன்."

அப்போதுதான் விருதுநகரிலிருந்து கலீல் வந்தார். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை. அம்மாவோடு வந்தார், வடை சாப்பிட்டார், வாசலில் தடுக்கி விழப்போன பாயைப் பிடித்துக்கொண்டார். ஜரினா முதல்முறையாகத் தலையாட்டினாள்.

மறுநாள் பிரஸ்ஸே பாயைச் சூழ்ந்துகொண்டது. "மாப்பிள்ள எப்படி பாய்?"

பாய் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "ஈ!"

 ஏ, பி, சி, டீ, ஈ என்று போகிற கட்டங்களை ஆயிரக்கணக்கில் அடித்தவர்கள் நாங்கள். அதில் ஈ என்றால் தரைமட்டம். பாவம், இதுவும் போச்சா என்று ஆளுக்கொரு பக்கம் கலைந்தோம். எந்த ஸ்கூல் என்று கேட்க வேண்டிய அந்த ஒருநாளில் ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் லோடு வண்டி டிரைவர் மாரியப்பனுக்கு இளகிய மனசு. சனிக்கிழமை விருதுநகருக்கு லோடு கொண்டுபோனவர், வேலை மெனக்கெட்டு சூலக்கரையில் வண்டியை நிறுத்தி, கலீலின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். "தம்பி, மனசத் தளர விட்றாதீக. எங்க பாய் ஒங்களுக்கு ஈ போட்டுட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓர் அவசர புரூஃபில் கையெழுத்து வாங்குவதற்காக நான் பாய் வீட்டில் இருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முன்னால் கலீலின் அம்மா, பின்னால் தொங்கிய முகத்தோடு கலீல்.

"வாங்க சம்பந்தி, வாங்க!"

"வரல. வாசல்லயே நின்னு கேக்குறேன். எம் புள்ளைய ஈன்னு சொன்னீகளா, இல்லையா?"

"சொன்னேனே!" என்றார் பாய், பெருமை பொங்க.

"எம் புள்ள ஈன்னா, நீங்க என்ன பலாப்பழமா?"

பாய் பதறிவிட்டார். "ஐயோ, அந்த ஈ இல்ல சம்பந்தி. இது இங்கிலீசு ஈ!"

"அது இன்னும் மோசம்மா" என்றார் கலீல், பின்னாலிருந்து மெல்ல. "அதுக்கு ஃபெயிலுன்னு அர்த்தம்."

"இல்ல மாப்ள, எக்ஸலண்டு! ஒரு ஸ்கூல்ல ஏ, பி, சி எதுவுமே கெடையாது. ஈ, ஜி, எஸ், என். ஈதான் ஒசத்தி. இந்த வாரந்தான் அந்தக் கார்டு ஆர்டர் எடுத்தேன், அந்த நெனப்புல சொல்லிட்டேன்."

என் கையில் இருந்த புரூஃபே அந்தக் கார்டுதான். கடமை உணர்வோடு பின்பக்கத்தை விரித்துக் காட்டினேன். எக்ஸலண்ட், குட், சேட்டிஸ்ஃபாக்டரி, நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட் என்று கலீல் உரக்கப் படித்தார். அவர் முகம் தெளிந்தது. அம்மாவின் முகம் தெளியவில்லை.

"இத அடிச்சது யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"நாங்கதாங்க."

"அடுத்த வருசத்தையே இப்பமே அடிச்சு விக்கிற ஊரு இது. இந்த ஒத்தக் காயிதத்த அடிக்க ஒங்களுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

அரை மணி நேரம் என்ற உண்மையைச் சொன்னால் கல்யாணமே நின்றுவிடும். பாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரையே ஃபெயிலாக்கிய மனிதர், ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிற பையனைப் போல அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஆட்டோ பக்கம் திரும்பிவிட்டார்.

அப்போது ஜரினா, டீத் தட்டோடு வெளியே வந்தாள்.

"மாமி, நீங்க ஒரு நாளா கோவமா இருக்கீக. நான் மூணு நாளா கோவமா இருக்கேன். பொறந்ததுலருந்து எங்க அத்தா எனக்கு பி-க்கு மேல போட்டதில்ல. பத்தாவதுல ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தேன், அன்னைக்கும் பி. ஒரு நா வந்து ரெண்டு வட தின்னுட்டுப் போன ஒங்க மகனுக்கு மட்டும் எக்ஸலண்டாம்! நாயத்த நீங்களே சொல்லுங்க."

அந்த அம்மா நின்றார். மெல்லத் திரும்பிப் பாயைப் பார்த்தார். கோபம் அப்படியே இருந்தது. ஆனால் கட்சி மாறிவிட்டது.

"பெத்த புள்ளைக்கு பி-யா? ஏன் சம்பந்தி, இந்தப் புள்ளைக்கு என்ன கொற?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஜரினாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். வீடே அவர் வாயைப் பார்த்தது.

"டீ" என்றார்.

பாய்க்கு வேர்த்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்வியை அவரே கேட்டார். "எந்த... எந்த ஸ்கூலு, சம்பந்தி?"

"எங்க வீட்டு ஸ்கூலு. டீன்னா, இன்னொரு டீ கொண்டான்னு அர்த்தம்."

கலீல்தான் முதலில் சிரித்தார். ஆட்டோக்காரருக்கும் ஒரு டம்ளர் போனது. என் புரூஃபில் யாரோ டீயைக் கொட்டிவிட்டார்கள்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. பந்தியில் பாய் எதற்கும் கிரேடு போடவில்லை. பிரியாணியை மென்றபடி எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் மணமேடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜரினா விருதுநகர் போன மறுநாள் பாய் வழக்கம்போல வேலைக்கு வந்தார். மதியம் ஹோட்டல் பொட்டலத்தைப் பிரித்தார். சாம்பார், ரசம், கூட்டு, அப்பளம் எல்லாம் இருந்தன. கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

சிரிக்கவைக்கலாம் என்று கேட்டேன். "இன்னைக்கு ரிசல்ட் என்ன பாய்?"

"ஏபி."

எட்டிப் பார்த்தேன். "எல்லாம் இருக்கே பாய். எது ஏபி?"

அவர் மேஜையில் பிளாஸ்க் வழக்கமாக நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டமாக ஒரு கறை மட்டும் அங்கே இருந்தது.

நான் முக்குக் கடைக்குப் போய், சர்க்கரை கம்மியாக ஒரு டீ வாங்கிவந்து, அந்தக் கறையின் மேலேயே வைத்தேன். பாய் எடுத்து ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"டீ."

எந்த ஸ்கூல் என்று நான் கேட்கவில்லை. இன்னொன்று வாங்கிவர எழுந்தேன்.