லிடியா, நீ இத்தாலிக்கு வராதே

இயேசு மரி சூசை துணை

மரக்காணத்தில் இருக்கும் தங்கை லிடியாவுக்கு, அக்காள் சூசைமேரி இத்தாலியிலிருந்து எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். உன்னால் மற்றவர்கள்தானே சுகமில்லாமல் போவார்கள். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் இதை எழுதி, பேத்தி ஜெனிஷாவிடம் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆத்தா என்னை உப்பளத்துக்கும் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினாள். என் எழுத்தில் பிழை இருக்கும், கண்டுபிடித்துச் சந்தோஷப்படு.

விஷயம் இதுதான். ஜெனிஷா குழந்தைக்கு வருகிற ஞாயிறு ஞானஸ்நானம். நீதான் ஞானத்தாயாக வந்து நிற்க வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் புருஷன் சார்லஸ் உனக்கு டிக்கெட் பார்க்கிறான். வராதே. ஞானத்தாயின் குணம் பிள்ளைக்கு ஒட்டும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? என் மகன் பெஞ்சமினுக்கு ஞானத்தாயாக நிற்க வேண்டிய நீ, அன்று காலை என் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு ரிப்பன் வாங்கப் பாண்டிச்சேரி போனாய். வார் அறுந்துபோச்சு, பஸ்ஸை விட்டுட்டேன் என்று பொழுது சாய வந்து நின்றாய். அதற்குள் பங்குச் சாமியார் வீட்டுச் சமையல்காரம்மா பிள்ளையை ஏந்தி எல்லாம் முடிந்துவிட்டது. இன்றுவரை பெஞ்சமினுக்குச் சோற்றைத் தவிர வேறு நினைப்பு உண்டா?

அது போகட்டும், இந்த ஊரில் பார்க்கத்தான் என்ன இருக்கிறது? கடல் என்கிறார்கள், ஏரி மாதிரி கிடக்குது, ஒரு அலை கிடையாது, ஒரு கருவாட்டு வாசம் கிடையாது. நம் உப்பளத்தில் கூலி கொடுத்தால்தான் ஒருத்தி வெயிலில் நிற்பாள். இங்கே காசு கொடுத்துக் கட்டில் வாங்கி வெயிலில் படுக்கிறார்கள், ஒரு பக்கம் வெந்ததும் திரும்பிப் படுக்கிறார்கள், வறுக்கிற வஞ்சிரத்துக்குக்கூட இவர்களைவிட வெட்கம் இருக்கும். வீடெல்லாம் பழசு, சுவரெல்லாம் பெயர்ந்து கிடக்குது. நம்ம ஊரில் அப்படியிருந்தால் மாமியார்க்காரி சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி உயிரை எடுப்பாள். இங்கே அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கறாங்க. மத்தியானம் மொத்த ஊரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குது, ஒரு மைக் செட்டு சத்தம் இல்லை, நாய்கூடக் கேட்டுவிட்டுத்தான் குரைக்குது.

போன ஞாயிறு அந்தோணியார் திருநாள். கொள்ளுப்பேரனுக்காக வேண்டிக்கொண்டபடி, நம்மூர்க் கல்லுப்பும் மிளகும் கொண்டுபோய், செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் அந்தோணியார் காலடியில் கொட்டிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தால் கோயிலைக் கூட்டுகிற கோயில்பிள்ளை எறும்பு மருந்து என்று நினைத்து உப்பைப் பெருக்கிக்கொண்டிருக்கிறான். வெளியே வந்தால் செருப்பைக் காணோம். அதையும் அவன்தான் குப்பையில் போட்டானாம், குப்பை வண்டியும் போய்விட்டதாம்.

"ஏன் ஆயா செருப்ப வாசல்ல வுட்ட? இங்க யாரும் கழட்ட மாட்டாங்க."

"சாமிகிட்ட செருப்போட போலாம்னு இவனுங்களுக்கு எவன்டி கத்துக்குடுத்தான்?"

"இவங்கதான் ஆயா நமக்கே வேதம் கத்துக்குடுத்தவங்க" என்றாள் ஜெனிஷா. கற்றுக்கொடுத்தவன் மறந்துவிட்டான், என் செருப்புதான் போனது.

வெறுங்காலோடு நான் கருங்கல் தெருவில் நடக்க, ஒரு கிழவி என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி என் கையை முத்தமிட்டாள். மரக்காணத்திலிருந்தே வேண்டுதலுக்காகச் செருப்பில்லாமல் வந்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் பரவிவிட்டது! சாமியார் ஓடிவந்து என் கையில் ஆளுயர மெழுகுவத்தியைக் கொடுத்து, பவனியில் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் நடக்கவிட்டார். உப்புப் பாத்தியை மிதித்த கால்தான், இருந்தாலும் சுட்டது. சொல்வேனா?

முடிந்ததும் ஜெனிஷா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னாள்: "நீயே ஞானத்தாயா நிக்கலாமேன்னு ஃபாதர் கேக்கறாரு ஆயா." நான் தலையாட்டிவிட்டேன். ஆகவே உனக்கு இங்கே வேலையில்லை.

உனக்கும் உன் பிள்ளைகுட்டிகளுக்கும் மாதா நல்ல ஆயுசைக் கொடுக்கட்டும், கூடவே நேரத்துக்குக் கிளம்புகிற புத்தியையும். என் கோழிகளை ஒழுங்காக அடை. எத்தனை என்று எனக்குத் தெரியும்.

அக்காள்
சூசைமேரி

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்கிறதுக்குள் பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தான். நான் தாலாட்டினால் இன்னும் கத்துகிறான். ஜெனிஷா போனில் நீ பாடி அனுப்பிய தாலாட்டைப் போட்டாள். கத்துவதை விட்டுவிட்டுச் சிரிக்கிறான், ரசனை கெட்ட பிள்ளை. அவளும் அதையே மறுபடி போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். சாமியாரிடம் போய் ஞானத்தாய்க்கு உன் பெயரையே கொடுத்துவிட்டேன். ஞானஸ்நானத்தையும் ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன், உன்னை எனக்குத் தெரியாதா? கோழிகளைப் பக்கத்து வீட்டுப் பக்கிரியிடம் விட்டுவிட்டுக் கிளம்பு. கல்லுப்பும் எனக்கு ஒரு ஜோடி செருப்பும் வாங்கி வா. என் கால் அளவு உன் காலுக்கே தெரியும். வழியில் வார் அறுந்தால் நின்றுவிடாதே, வெறுங்காலோடு வா. இங்கே அதற்கு மரியாதை உண்டு.