சிப்பி ஓடும் காலடிக் கமிட்டியும்

மனிதன் நடந்தால் சத்தம் வரும் என்ற பேருண்மையைக் கமிட்டி போட்டு, தீர்மானம் எழுதிக் கண்டுபிடித்த பெருமை இந்த உலகத்திலேயே தூத்துக்குடிக்குத்தான் உண்டு. அது யுத்த காலம், 1943. துறைமுகத்தை ஒட்டி, ரேஷன் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியில் தினமும் இரண்டு படி சீனி காணாமல் போய்க்கொண்டிருந்தது.

சீனிக்குக் கால் கிடையாது, ஆகவே யாரோ நடந்து வந்திருக்க வேண்டும் என்று கிட்டங்கிச் சூப்பரின்டென்டென்ட் சங்கரலிங்கம் நுட்பமாக ஊகித்தார். நடப்பவனைக் காட்டிக்கொடுக்க நம்பகமான 'காலடிச் சாதனம்' ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கமிட்டி அமைத்தார். தலைவர் அவரே. அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் கள்ளன் பிடிபடாவிட்டால் வாட்ச்மேன் மாசானத்துக்குச் சீட்டுக் கிழியும் என்றும் உத்தரவு போட்டார். மாசானம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். வீட்டில் ஐந்து வாய், சம்பளம் இவர் ஒருவருடையதுதான்.

முதல் சாதனம் பனையோலைச் சருகு. கச்சான் காற்று அடித்ததும் அது ஒரே மத்தியானத்தில் நாற்பது திருடர்களை அறிவித்தது. மாசானம் நாற்பது தடவை ஓடினார். 'சாதனத்துக்கு ஆர்வம் அதிகம்' என்று எழுதித் தள்ளுபடி செய்தார்கள். இரண்டாவது, வாத்து நான்கு. காலடி கேட்டாலும் கத்தின, கேட்காவிட்டாலும் கத்தின. மேல் ஆய்வுக்காகத் தலைவர் வீட்டுக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமை மிளகு தூக்கலாகப் போட்டு ஆய்வை முடித்தார்கள்.

"கடக்கரையில முத்துக்குளிச்ச சிப்பி ஓடு மலையாக் கெடக்கு சார்," என்றார் குமாஸ்தா ரோச். "மிதிச்சா நறநறங்கும். காத்துக்கு அசையாது, தீனியும் திங்காது."

அன்றே நாலு வண்டி ஓடு வந்து கிட்டங்கியைச் சுற்றிப் பரவியது. சோதனை சனிக்கிழமைக் கூட்டத்தில்.

திங்கட்கிழமை மத்தியானம், முன்வாசலில் மாசானம் கஞ்சியில் கை வைத்த நேரம், பின்பக்கம் நறநறவென்றது. வாசலை விட்டு நகரக்கூடாது என்பது விதி. சாப்பாடு முடிந்து சூப்பரின்டென்டென்ட் வேர்வையைத் துடைத்தபடி வந்ததும் மாசானம் எழுந்து நின்றார்.

"ஐயா, பின்னால யாரோ நடக்காவ. என் காதால கேட்டேன்."

"ஏலே மாசானம், சாதனம் இன்னும் பாஸாகல. பாஸாகாத சாதனத்துல கேட்ட சத்தம், விதிப்படி வதந்தி. யுத்த காலத்துல வதந்தி பரப்புனா எங்க கொண்டு போடுவான்னு தெரியும்லா?"

வெள்ளிக்கிழமை வரை தினமும் அதே வேளைக்குச் சத்தம் வந்தது. மாசானம் விதிப்படி கேட்கவில்லை.

சனிக்கிழமை உறுப்பினர்கள் முன்வாசலில் வரிசையாக நடந்தார்கள். நறநற. எல்லாரும் கை தட்டினார்கள். 'சாதனம் பாஸ்' என்று தலைவர் கையெழுத்துப் போட்டார். பிறகு பின்பக்கம் போனார்கள்.

அங்கே சத்தமே இல்லை. ஓடெல்லாம் மிதிபட்டு மாவாகி, ஒற்றையடிப் பாதையாக வெளேரென்று கிடந்தது. பாதை கிட்டங்கியின் பின்ஜன்னலில் தொடங்கி, சூப்பரின்டென்டென்ட் குவார்ட்டர்ஸ் அடுக்களைப் படியில் போய் முடிந்தது. படியில் பூட்ஸ் தடம்.

"இங்கன சாதனத்துல குறை இருக்கு," என்றார் தலைவர். "தீர்மானத்த ரத்து பண்ணிருவோம்."

மாசானம் தொண்டையைச் செருமினார். "ஐயா, சாதனம் இப்பப் பாஸாயிட்டுல்லா? அப்பம் அஞ்சு நாளா நான் கேக்காம இருந்ததைச் சொல்லலாமா?"

எல்லாரும் தலைவரின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் வெள்ளையாக இருந்தது. ரோச் பேனாவைத் திறந்து நடவடிக்கைக் குறிப்பில் நிதானமாக எழுதினார்:

'சாதனம் முற்றிலும் நம்பகமானது. தலைவர் அவர்களே ஐந்து நாள் மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்து, நேரில் நடந்து நிரூபித்திருக்கிறார்.'