கரடியாரின் பாறையில் கோடுகள்

ஒரு காட்டில் கட்டி நோய் வந்தது. அதன் பின்னாலேயே கட்டி ஆராய்ச்சியாளர்களும் வந்தார்கள். இரண்டில் நோய்தான் கொஞ்சம் மெதுவாகப் பரவியது.

ஆராய்ச்சியாளர்களில் மூத்தவர் பேராசிரியர் செம்பியன் என்ற கரடி. 'சாம்பல்கொடி இலை எந்தக் கட்டியையும் கரைக்கும்' என்று தேக்கிலையில் எழுதி, ஆற்றோரத்து மருதமரத்தில் தொங்கவிட்டவர் அவர்தான். ஒரு காட்டெருமையின் முதுகில் அந்த இலையை அரைத்துப் பூசி, அதை மழையில் நிற்கவைத்து, மறுநாள் போய்ப் பார்த்தார். கட்டி கரைந்திருந்தது. அது காய்ந்த சேறு என்கிற விஷயத்துக்குத் தேக்கிலையில் இடம் போதவில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் ஒரு பாறை. ஒருவர் பெயரை இன்னொருவர் தன் கட்டுரையில் எழுதினால், எழுதப்பட்டவர் பாறையில் ஒரு கோடு. கோடு கிழிப்பது மந்தியின் வேலை. மந்திக்குப் பெயர்களை மட்டும்தான் படிக்கத் தெரியும். அது போதும் என்று காட்டின் ஆராய்ச்சிக் கமிட்டி சொல்லிவிட்டது. அதற்குமேல் படித்தால் வேலை தாமதமாகிறதாம்.

அல்லி என்ற கடமானுக்குக் கழுத்தில் கட்டி. ஒரு மழைக்காலம் முழுக்கச் சாம்பல்கொடி தின்றாள். கட்டி வில்வக்காய் அளவுக்கு வந்த பிறகு, முள்ளம்பன்றி தில்லையிடம் போனாள். தில்லையும் ஆராய்ச்சியாளர்தான்.

"டாக்டரம்மா, இலை வேலை செய்யலையா, இல்ல நான்தான் சரியாத் திங்கலையா?"

தில்லை தொட்டுப் பார்த்தாள். "சரியாத்தான் தின்னிருக்க. சத்தெல்லாம் கட்டிக்குத்தான் போயிருக்கு."

தில்லைக்கு ஒரு வழி தெரியும். கட்டி தொண்டையை அடைப்பதற்குள் முள்ளால் கீறி வேரோடு எடுத்துவிட்டால் பிழைக்கலாம். ஒரு அணிலுக்கும் ஒரு மரநாய்க்கும் அப்படி எடுத்திருந்தாள். இரண்டும் இன்னும் மரம் ஏறிக்கொண்டிருந்தன. அதையும் எழுதித் தொங்கவிட்டிருந்தாள். படித்தவர்கள் எல்லோரும் "சரியாத்தானே இருக்கு" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். சரியாக இருப்பதைப் பற்றி மேற்கொண்டு எழுத என்ன இருக்கிறது? அவள் பாறை வழவழவென்று இருந்தது. ஓணான்கள் அதில் வெயில் காய்ந்தன.

கழுத்தைக் கீறுவதற்கு நல்ல வெளிச்சமும் ஓடும் தண்ணீரும் வேண்டும். இரண்டும் இருந்தது அருவிக்குகையில் மட்டும். வருகிற பௌர்ணமியன்று அதிகக் கோடு உள்ளவருக்குக் குகை என்று கமிட்டி அறிவித்திருந்தது. கோடுகளில் முன்னால் நின்றவர் இன்னொரு ஆராய்ச்சியாளரான கொக்கு. அவருக்குக் கொஞ்சம் பின்னால் கரடி.

"எனக்குக் கிடைச்சா நீ வந்து வேலையப் பாரும்மா. எனக்கு வாசல்ல மீன் இருந்தாப் போதும்" என்றார் கொக்கு.

தில்லை ஒரு கணக்குப் போட்டாள். கரடியின் பொய்யை உடைத்துவிட்டால் அவர் எழவே முடியாது, மற்ற பிராணிகளும் இலை தின்பதை நிறுத்தும். எழுதுவதற்கு முன் முறைப்படி அவரிடமே போய்ச் சொன்னாள்.

"சார், உங்க இலை தப்புன்னு எழுதப் போறேன்."

கரடி தேன் நக்குவதை நிறுத்தவில்லை. "எழுதும்மா, தாராளமா எழுது. என் பேரை மட்டும் நல்லாத் தெரியற மாதிரி போடு."

எழுதினாள். அதுவரை பயந்து கிடந்த காட்டுக்குத் திடீரென்று தைரியம் வந்தது. 'செம்பியன் சொன்னது பொய்' என்று நரி எழுதியது. 'செம்பியனின் மோசடி' என்று உடும்பு எழுதியது. 'செம்பியன் கரைத்தது சேறுதான்' என்று காட்டெருமையே எழுதியது. கொக்கும் தன் பங்குக்கு ஒன்று எழுதித் தொங்கவிட்டார். ஒவ்வொன்றுக்கும் மந்தி, கரடியின் பாறையில் ஒரு கோடு கிழித்தது.

"மந்தியண்ணே! அவங்கல்லாம் திட்டியிருக்காங்க!" தில்லை ஓடிவந்து கத்தினாள்.

"பேரு இருக்கா?"

"இருக்கு, ஆனா..."

"இருக்குல்ல? தள்ளி நில்லும்மா, வெளிச்சத்த மறைக்காத."

பௌர்ணமியன்று குகை கரடிக்குப் போனது. மறுநாள் காலையிலேயே தில்லை அல்லியைக் கூட்டிக்கொண்டு குகைவாசலுக்கு வந்தாள். அல்லிக்கு மூச்சு விசிலடித்தது.

"சார், கொஞ்ச நேரம் ஒரு மூலையக் குடுங்க. போதும்."

"குடுக்கறதுக்கென்ன? பாரு, வாழ்த்துச் சொல்ல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு. கியூவுல வாங்கம்மா."

வரிசையில் முன்னால் நரி, அதற்குமுன் உடும்பு, எல்லோருக்கும் முன்னால் மாலையோடு கொக்கு. "டாக்டரம்மா, நம்ம முறை எப்ப வரும்?" என்று அல்லி கேட்டாள். பிறகு கேட்கவில்லை. வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது.

கரடி உண்மையிலேயே கண் கலங்கினார். அன்று மாலையே ஒரு தேக்கிலையில், 'செம்பியனின் இலையைத் தின்ற அல்லி இறந்துவிட்டாள். செம்பியன் தன் முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும்' என்று எழுதி, கீழே செம்பியன் என்று கையெழுத்தும் போட்டுத் தொங்கவிட்டார்.

மந்தி வந்து பெயரைப் படித்தது. கரடியின் பாறையில் கோடு கிழிக்க இடமே இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தது. தில்லையின் பாறை சும்மாதானே கிடக்கிறது என்று ஓணான்களை விரட்டிவிட்டு, அதில் கிழித்தது.

நீதி: சரியாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், ஆகவே, ஊரே திரண்டு மறுக்கும்படி தப்பாகச் சொல். கழுத்தில் கட்டி உள்ளவர்கள் வரிசையைக் கலைக்காமல் சாகவும்.