வெளியிலிருந்து தெரிகிறதா?

“இப்பவும் தெரியல!” என்று இளைய மாப்பிள்ளை கைப்பேசியைச் சோபாவின் மேல் எறிந்தார். அது துள்ளித் தரையில் விழுந்தது. எடுத்துக் கொடுக்க அவர் மனைவி முன்வரவில்லை.

மாமனாருக்கு மரச்சாமான் கடை. புதிதாக ஒரு கிளை திறக்கவிருந்தார். அக்கிளையின் கேமராக்களை வெளியாள் வைக்காமல் தாமே அமைத்து, திருடர் புகாதபடி காக்கவும் தெரிந்த மருமகனுக்கே அந்தக் கிளையின் பொறுப்பைத் தருவதாக அறிவித்திருந்தார். மூத்த மருமகன் அதைக் கேட்டுக் கொட்டாவி விட்டார். இளையவரோ, முதலில் தம் வீட்டுக் கூடத்தில் ஒரு கேமராவை மாட்டி, அதை அவரவர் வீட்டிலிருந்தே எல்லாரும் பார்க்கும்படி செய்து காட்டுவதாகச் சவால் விட்டார். சவால் விடுவதில் அவருக்குப் பழக்கம் உண்டு. முடிப்பதில்தான் பழக்கம் போதாது.

அன்று காலை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, கேமராவுக்கென ஒரு போர்ட்டைத் திறந்திருந்தார். போர்ட் என்பது வீட்டு இணையத்தின் மதிலில் வைக்கும் சிறு வாசல். அந்த வாசலுக்கு நீண்டதொரு கடவுச்சொல்லைப் பூட்டாகப் போட்டார். பிறகு முகவரியையும் கடவுச்சொல்லையும் மனைவி வீட்டாரின் குடும்பக் குழுவில் அனுப்பி, ‘தெரிகிறதா?’ என்று கேட்டார்.

ஒரு பூவின் படம் போட்டாலே கைகூப்பும் பொம்மைகள் வந்து குவியும் குழு அது. அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுடட்டுமா?” என்றாள் மனைவி.

“கேட்டா தெரியலம்பாங்க. உங்க அக்கா அதையே வருஷம் பூரா சொல்லிச் சிரிப்பாங்க. முதல்ல இங்க தெரியட்டும்.”

“அப்ப வெளியில போயாவது பாத்துட்டு வாங்களேன்.”

“வெளியில போனா நம்ம வைஃபை எப்படிக் கிடைக்கும்? விவரம் தெரியாம பேசாத.”

விவரம் தெரிந்தவர் சோபாவில் சாய்ந்து, அதே வைஃபையில், வெளியிலிருந்து வருவோருக்கென்றே உள்ள அதே முகவரியை மறுபடியும் தட்டினார். திரை வெறுமையாகவே இருந்தது.

“பூட்டுதான் தடுக்குது” என்று தீர்ப்பளித்துக் கடவுச்சொல்லை நீக்கினார். ‘இனிக் கடவுச்சொல் தேவையில்லை’ என்று குழுவுக்கும் தெரிவித்தார். குழு மௌனம் காத்தது. திரையும் அப்படியே.

அடுத்து, அந்த மதிலின் காவலாளியான ஃபயர்வாலில் கை வைத்தார்.

“நேத்துதானே அதுதான் வீட்டுக்கே உயிர்னு சொன்னீங்க?”

“உயிர்தான். கொஞ்ச நேரம் இல்லாம இருந்துக்கலாம்.”

உயிர் போயிற்று; படம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாப் போர்ட்டுகளையும் திறந்துவிட்டார்.

“கதவு, ஜன்னல், கொல்லைப்பக்கம் எல்லாம் திறந்தாச்சு. இனி திருடன் வந்தாக்கூட யாரையும் வழி கேக்க வேண்டியதில்ல.”

“அவனுக்காவது தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க.”

அந்தச் சொல் தைத்தது. அவர் எழுந்து நின்றார்.

“எல்லாம் உங்கப்பாவால! ஒரு ஆளைக் கூப்பிட்டா நிமிஷத்துல முடிச்சிட்டுப் போறான். அவனுக்குக் கூலி குடுக்க மனசு வராம, மருமகனுக்குப் பரீட்சை வெக்கிறாரு கஞ்ச மகாராசா!”

“மெதுவா பேசுங்க, பக்கத்து வீட்டுக்குக் கேக்கப்போகுது.”

“கேக்கட்டுமே! கடையில அவர் நடக்குற நடை இருக்கே...”

வயிற்றை முன்தள்ளி, கைகளை முதுகுக்குப் பின் கோத்து, தொண்டையைக் கனைத்தபடி கூடத்தின் குறுக்கே நடந்தார். நடந்தவர் ஒரு நாற்காலியின் முன் நின்றார்.

“வாங்குறவன் முன்னாடி தட்டுனா தேக்கு! அவன் அந்தப் பக்கம் போனதும் தட்டுனா ஒட்டுப்பலகை!”

மனைவி கோபப்பட முயன்று தோற்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“திரும்பும்போது ஒரு முனகல் முனகுவாரே, அதை விட்டுட்டீங்க” என்று தானே முனகியும் காட்டினாள். அவர் அதையும் சேர்த்து, திருத்தமாக மற்றொரு முறை நடந்தார். காலையிலிருந்து அந்த வீட்டில் ஒழுங்காக முடிந்த வேலை அது ஒன்றுதான்.

கைப்பேசி ஒலித்தது. மாமியார். வயிற்றை உள்ளிழுத்து, குரலில் பணிவை வரவழைத்துக்கொண்டார்.

“சொல்லுங்க அத்தை. கேமராதானே? இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு...”

“வேலை பாத்தது போதும் மாப்பிள்ளை, காலையிலேருந்து படமும் சத்தமும் பளிச்சுனு வருது, பதில் போடக்கூட நேரமில்லாம பாத்துக்கிட்டிருக்கோம், மாமா இப்பதான் படத்து முன்னாலேருந்து எழுந்து உங்க வீட்டுக்குக் கிளம்பியிருக்காரு, அவர் வந்து சேர்றதுக்குள்ள அந்த நடையை இன்னொரு தரம் நடந்து காட்டுங்க, பெரியவ பாக்கலையாம்!”