பாதி மீனாவது சாகணும்

இருபது மீனும் மறுபடியும் மல்லாந்து கிடந்தன.

"எத்தனை மணி நேரம் தாங்குச்சு?" என்று கேட்டார் பேராசிரியர் நல்லகண்ணு.

"ரெண்டு மணி நேரம், சார்."

"என் தீசிஸ்ல எத்தனை?"

"நாலு நாள், சார்."

"அப்ப தப்பு யார் மேல? மீன் மேலயா, என் மேலயா?"

மீனையும் சாரையும் கழித்துவிட்டால் அந்த அறையில் மிச்சம் இருந்தது சஃப்ரின் ஒருத்திதான்.

அவளுக்கு இது ஏழாவது வருடம். முனைவர் பட்டம் என்பது முடி கொட்டித் தீர்வதற்குள் வாங்கிவிட வேண்டிய சமாசாரம். அவளுக்குப் பாதி கொட்டிவிட்டது. பாடம் நச்சியல். எது விஷம், எவ்வளவு விஷம், எத்தனை நேரத்தில் ஆளைக் கவிழ்க்கும் என்று அளந்து சொல்கிற படிப்பு. அவள் எடுத்துக்கொண்ட விஷம் ஷாம்பு. சீசனுக்குக் குற்றாலம் வருகிற சனம் அருவியில் நின்று தேய்த்துக் கழுவிவிடுகிற ஷாம்பு, கீழே சித்தாற்று மீன்களை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஆறு அத்தியாயத்தில் ஐந்தை எழுதி முடித்துவிட்டாள். முதல் அத்தியாயம் மட்டும் பாக்கி.

அந்த முதல் அத்தியாயம் வெறும் சம்பிரதாயம். வழிகாட்டி நல்லகண்ணு இருபத்தெட்டு வருடத்துக்கு முன் செய்த சோதனையைத் திரும்பச் செய்து, சார் சொன்னது சரி என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். சார் என்ன சொல்லியிருந்தார்? தலைமுறை தலைமுறையாக நுரையிலேயே நீந்திச் சித்தாற்றுக் கெண்டைக்கு ஷாம்பு பழகிப்போய்விட்டது, லிட்டருக்கு ஒரு ஸ்பூன் ஊற்றினாலும் நாலு நாள் கழித்துப் பாதி மீன் உயிரோடு இருக்கும் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு கண்டுபிடிப்பால் அவருக்குத் தங்க மெடல் வந்தது, வேலை வந்தது, துறைத் தலைவர் நாற்காலி வந்தது. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த 'ஷாம்பு சார்' என்ற பெயரும் வந்தது.

"இங்க பாரும்மா," என்றார் நல்லகண்ணு. "இந்த மாசம் முப்பதாம் தேதியோட உன் பதிவு முடியுது. இனி ஒரு நாள்கூட நீட்ட முடியாது. முதல் சாப்டர் இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். கையெழுத்து இல்லேன்னா ஏழு வருசமும் தண்ணியில போச்சு."

"சார், நான் எல்லாம் சரியாத்தான்..."

"திருநெல்வேலி வெயில்ல மீனு வெந்து சாகுதும்மா. தென்காசியில இப்ப சாரல்தானே? வீட்டுல கொண்டுபோயி வச்சுச் செய். அங்கன ஒண்ணும் சாகாது."

சார் சொன்னால் அப்பீல் உண்டா? இரண்டு கண்ணாடித் தொட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தென்காசி வந்து சேர்ந்தாள். ஆலங்குளத்துக்கும் பாவூர்சத்திரத்துக்கும் நடுவில் ஒரு அம்மாள், "கல்யாணச் சீராம்மா?" என்றுகூடக் கேட்டாள்.

வீட்டில் மாமியார் ஹஸீபா மட்டும்தான். சஃப்ரினின் கணவன் மன்சூர் ஷார்ஜாவில் இருந்தான். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் தொட்டிகள் உட்கார்ந்ததை மாமி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்னட்டி இது?"

"ஒரு தொட்டியில நல்ல தண்ணி, மாமி. இன்னொண்ணுல ஷாம்பு ஊத்தணும். தினமும் காலையில புதுசாக் கலக்கணும். நாலு நாள்ல இருபதுல பத்து சாகணும், பத்து பொழைக்கணும்."

"சாவுறதுக்குன்னே மீனு வளக்கியா? நல்லா இருக்கே கூத்து!" மாமி யோசித்தாள். "பத்துதானே சாவணும்? பத்தை நான் அடிச்சுத் தாரேன். பத்தை நீ வச்சுக்க. கணக்கு சரியாப் போச்சுல்லா?"

"அய்யோ மாமி, அதுவாத்தான் சாகணும்!"

அன்று ஞாயிற்றுக்கிழமை. சித்தாற்று மீனை உயிரோடு விற்கிற விஜய்பாண்டியின் கடையில் வாங்கிவந்த நாற்பது கெண்டைக் குஞ்சுகளைப் பிரித்துவிட்டு, சஃப்ரின் ஷாம்பு ஊற்றிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சாரல் அடித்தது, குளிர் காற்று வந்தது. மீன்கள் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. இரண்டே மணி நேரத்தில் இருபதும் போய்ச் சேர்ந்தன.

சஃப்ரின் அழுதாள். சும்மா கண்ணைத் துடைக்கிற அழுகை இல்லை, மூக்கு சிவக்க விம்மி விம்மி அழுதாள். மத்தியானச் சோற்றைத் தொடவில்லை, சாயங்காலத் தேத்தண்ணியையும் தொடவில்லை. மன்சூர் வீடியோவில் வந்து, "செத்தா என்ன, புளி ஊத்திக் கொழம்பு வச்சிரு," என்றான். போனை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டாள். மாமி கதவோரம் நின்று பார்த்தாள். மருமகளை மாமி தினம் பத்துத் தடவை ஏசுவாள். ஆனால் அந்தப் பிள்ளை சோறு தின்னாமல் படுத்தால் மாமிக்கும் சோறு இறங்காது.

மறுநாள் காலையில் புதிதாக இருபது மீன் விட்டு, ஷாம்பு கலந்துவிட்டு, சஃப்ரின் கல்லூரிக்கு பஸ் ஏறினாள். சாயங்காலம் பயந்து பயந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

இருபதும் நீந்திக்கொண்டிருந்தன!

"மாமி! சாகல மாமி!"

"நாந்தான் சொன்னேன்லா, எல்லாம் சரியாவும்னு. கை கழுவிட்டுச் சாப்பிட வா."

செவ்வாய்க்கிழமையும் இருபது. புதன், வியாழன், அப்படியே இருபது. நான்கு நாள் ஆகிவிட்டது. நல்லகண்ணுவுக்குப் போன் போட்டாள்.

"பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா?" அந்தப் பக்கம் மேசையில் குத்துகிற சத்தம் கேட்டது. "பாதி பொழைச்சிருக்குமே?"

"பாதி இல்ல சார். முழுசும்."

"முழுசுமா?" என்றார் சார். "அப்ப அளவைக் கூட்டு. பாதி சாகணும்மா. பாதியைச் சாகடிக்கிற அளவு எதுவோ, அதுதாம்மா நமக்கு வேண்டிய நம்பர்."

இரண்டு ஸ்பூன் ஊற்றினாள். சாகவில்லை. நான்கு ஸ்பூன் ஊற்றினாள். சாயங்காலம் வந்து பார்த்தால் முன்பைவிடச் சுறுசுறுப்பாகத் துள்ளின. ஷாம்பு போலிச் சரக்கோ என்று சந்தேகப்பட்டுத் தன் தலையிலேயே தேய்த்துப் பார்த்தாள். நுரை கண்ணை மறைத்தது, இருந்த பாதி முடியில் ஒரு பிடி கையோடு வந்தது. ஷாம்பு அசல்தான். எட்டு ஸ்பூன் ஊற்றினாள். மளிகைக்கடைக்காரர், "வீட்டுல எத்தனை பேரும்மா குளிக்கிய?" என்று கேட்டார்.

முதலில் மீன் செத்ததே என்று அழுதவள், இப்போது சாகமாட்டேன் என்கிறதே என்று தொட்டி முன்னால் உட்கார்ந்து கெஞ்சினாள். "ஒரு பத்து பேராவது போங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்." மாமி அதைக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நல்லகண்ணுவுக்கோ தலைகால் புரியவில்லை. "எட்டு மடங்கா? இந்த இருபத்தெட்டு வருசத்துல மீனு இன்னும் பழகியிருக்கும்மா! நான் மத்த யூனிவர்சிட்டிக்காரங்க குரூப்ல எல்லாம் போட்டுட்டேன். வர்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவோட ஐந்தருவியில குளிச்சிட்டு நேரா உன் வீட்டுக்கு வாரேன். என் கண்ணால பாக்கணும். பாத்ததும் அங்கனயே கையெழுத்து."

ஞாயிறு காலையில், சார் கண்ணெதிரே ஷாம்பு கலக்கலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டு, அவர் கையில் கொடுக்க ஒரு புது வலை வாங்கலாம் என்று சஃப்ரின் விஜய்பாண்டியின் கடைக்குப் போனாள். அவன் அவளைக் கண்டதும் பாலிதீன் பையில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினான்.

"என்னக்கா, மாமிய அனுப்பாம நீங்களே வந்துட்டிய? இன்னைக்கும் இருபதுதானே?"

"எந்த இருபது?"

"தினமும் மத்தியானம் வாங்கிட்டுப் போறாவள்லா, அந்த இருபதுதான். நேத்து நாப்பதா வாங்குனாவ, இன்னைக்கு விருந்தாளி வாராவன்னு. ஏங்க்கா, இந்தப் பொடிசுல என்ன கறி இருக்குன்னு இத தினமும் திங்கிய?"

சஃப்ரின் வலையை வாங்கவில்லை. ஆட்டோவுக்கும் காத்திருக்கவில்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"மாமி! மீனை மாத்துனியளா?"

மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மாத்தாம? நீ அந்தப் பக்கம் பஸ் ஏறுத, இந்தப் பக்கம் அது மல்லாக்க விழுது. நீ வந்து பாத்து அழுவ, பட்டினி கெடப்ப. உன் மாப்பிள்ள அங்கேருந்து என்னைய ஏசுவான். எனக்கு இது தேவையா? தண்ணியும் ஒரே நொரை. அதையும் கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தி, மேலாப்புல கொஞ்சம் நொரைய மட்டும் வச்சேன், நீ சந்தேகப்படாம இருக்க."

"செத்த மீனெல்லாம்?"

"தென்னம்பிள்ளை மூட்டுல பொதைச்சாச்சு. இந்த வருசம் நல்லாக் காய்க்கும்."

சஃப்ரின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருடம். முப்பதாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள். கதவுக்கு வெளியே கார் வந்து நின்றது.

நல்லகண்ணு தலையில் எண்ணெய் வழிய, தோளில் ஈரத் துண்டோடு வந்தார். பின்னாலேயே அவருடைய மனைவி ஆவுடையம்மாள், வாய் நிறையச் சிரிப்போடு வந்தார். சார் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். கண் கலங்கிவிட்டது.

"இதுகதான்! இதுகதான் என் மீனு!"

"சார், ஒரு விசயம்..." என்று ஆரம்பித்தாள் சஃப்ரின்.

"ஒண்ணும் சொல்லாதம்மா. என் வாழ்க்கை இந்த மீன்லதான் நிக்குது." சட்டைப் பைக்குள் கை விட்டார். அருவிக்கரையில் ஷாம்பு கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. அதற்காக ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசியவர் அவர். அவர் பையிலிருந்து இரண்டு ஷாம்பு பாக்கெட் வந்தன. "குளிக்கிற எடத்துல போலீஸ்காரர் பாத்துட்டே நின்னாரு, மிச்சமாயிட்டு." இரண்டையும் பல்லால் கிழித்துத் தொட்டிக்குள் பிதுக்கினார். "ஊருக்கே காட்டணும். சாப்பிட்டு வந்து போட்டோ எடுப்போம்."

பிரியாணி பரிமாறப்பட்டது. மேசையில் சார் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சஃப்ரின் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் தோளுக்கு மேலாக ஒரு மீன் சாய்வது தெரிந்தது. பிறகு இன்னொன்று சாய்ந்தது.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்..."

"நீ சாப்பிடும்மா. பேனா இந்தா, பையிலயே இருக்கு."

மேசைக்கு அடியில் மாமி அவள் தொடையைக் கிள்ளினாள். "கறி எடுத்துட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு மாமி எழுந்து போனாள். பின்கட்டில் அண்டாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அது பிரியாணி இருந்த அண்டா இல்லை என்று சஃப்ரினுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து நல்லகண்ணுவுக்கு விக்கல் வந்தது. தண்ணீருக்காகத் திரும்பினார். தொட்டியில் இருபது மீனும் வயிற்றைக் காட்டிக் கிடந்தன. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கையில் சல்லடைக் கரண்டியும், இன்னொரு கையில் துள்ளுகிற மீன் இருபது போட்ட வாளியுமாக மாமி நின்றுகொண்டிருந்தாள்.

"கறிதான்," என்றாள் மாமி.

விக்கல் நின்றுவிட்டது. சஃப்ரின் எழுந்து நின்றாள். பேனா கண்முன்னே இருந்தது, கையெழுத்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது. ஆனாலும் அவளுக்குப் பொய் வரவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "மீன் ரெண்டு மணி நேரத்துல சாகத்தான் செய்யுது, சார். நாலு தடவை பாத்தாச்சு. உண்மை அதுதான். நான் அதைத்தான் எழுதுவேன்."

நல்லகண்ணு வாயைத் திறந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள்.

"எழுதுவியா? எதை எழுதுவ? என் தீசிஸ் பொய்யின்னா? இது ஆராய்ச்சியா, அடுப்படியா? செத்த மீனை எடுத்துப்போட்டுட்டு உயிர் மீனை விடுறதா? அட, உலகத்துல எந்த வீட்டுப் பொம்பளையாவது இப்பிடி ஒரு காரியத்தைச் செய்வாளா? நீ டாக்டர் பட்டம் வாங்குறதை நானும் பாக்கேன்! கையெழுத்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

சஃப்ரினுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. மாமி வாளியோடு வந்து அவளை மறைத்தாற்போல் நின்றாள். "ஏ சாரு, எம் மருமவள ஏசாதீய. செஞ்சது நானு."

அதுவரை தலை நிமிராமல் எலும்பைச் சூப்பிக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் இலையில் கையை உதறிவிட்டுக் கணவனைப் பார்த்தார்.

"அந்த அக்காவ எதுக்குப் போட்டு வையுதீய? நமக்குக் கல்யாணமான புதுசுல, மீனு செத்துட்டுன்னு நீங்க சோறு திங்காம குப்புறப் படுத்துக்கெடப்பியளேன்னு, நானும் சித்தாத்துல முந்தானைய விரிச்சுச் சிக்குன பத்தைப் பிடிச்சுட்டு வந்து தினமும் இப்பிடித்தான மாத்திவிட்டேன்!"